புலிக்குத் தப்பும் மான் பாலித்தீன் பைக்குத் தப்புமா?

(அறிவியல் பகுதி. கட்டுரை கொஞ்சம் நீளம் என்பதால் இரண்டு தாளில் ஒட்டியிருக்கிறோம். தயவுசெய்து இரண்டையும் படிக்கவும்.)



நம் சுவர்ப் பத்திரிகையில் மீன், நண்டு, இறால், கொக்கு எல்லாம் வந்துவிட்டது. இந்த முறை மான் பற்றி எழுதுகிறேன். "எண்ணூரில் ஏது மான்? இங்கே லாரியும் கண்டெய்னரும்தானே ஓடுது?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. உண்மைதான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் இந்த மூன்று பக்கமும் எங்கே தேடினாலும் மான் கிடையாது. ஆனால் இதே சென்னையில், காட்டு மான்கள் சுதந்திரமாக வாழும் ஓர் இடம் இருக்கிறது. விம்கோ நகரில் மெட்ரோ ரயில் ஏறினால் வேறு வண்டி மாறாமலே அந்த ஊரில் போய் இறங்கலாம். அதுதான் கிண்டி.

சென்னைக்குள் ஒரு காடு

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். 1978ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் உள்ள மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் அதுவும் ஒன்று. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி., சுற்றிலும் சாலைகள். நடுவில் முள் மரமும் புதரும் புல்வெளியுமாகக் காடு. வறண்ட நிலத்தில் வளரும் இந்த மாதிரி பசுமைக் காடு நம் சோழமண்டலக் கடற்கரைக்கே உரியது.

அந்தக் காடு முன்பு இன்னும் பெரிதாக இருந்தது. 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி., தலைவர்களின் நினைவு மண்டபங்கள் என்று கொஞ்சம் கொஞ்சமாக இடம் போனது. அதனால்தான் இன்றைக்கும் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் மான் சாதாரணமாக நடந்து போகிறது. மான் கல்லூரிக்குள் புகுந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். சரியாகச் சொன்னால் கல்லூரிதான் மானின் இடத்துக்குள் வந்தது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தது நம் ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தப் புயலில் கிண்டிக் காட்டிலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அதையும் தாங்கிக்கொண்டு அந்தக் காடு இன்னும் இருக்கிறது.

எது மான்? எது மான் இல்லை?

கிண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்று புள்ளிமான். இன்னொன்று வெளிமான். வெளிமானைக் கலைமான், திருகுமான் என்றும் சொல்வார்கள்.

தமிழில் இரண்டையும் மான் என்றுதான் சொல்கிறோம். ஆனால் விலங்கியல் படிப்பவர்கள் இரண்டையும் வேறு வேறு குடும்பத்தில் வைக்கிறார்கள். புள்ளிமான் மான் குடும்பம். வெளிமானோ ஆடு, மாடு இருக்கும் குடும்பம்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள். நம் மலைக் காடுகளில் கேளையாடு என்று ஒன்று இருக்கிறது. பெயரில்தான் ஆடு, ஆனால் அது உண்மையான மான். ஆக, பெயரை வைத்து ஏமாறக்கூடாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? கொம்பைப் பார்க்க வேண்டும்.

கொம்பு விழுந்து முளைக்கும் அதிசயம்

ஆட்டின் கொம்பும் மாட்டின் கொம்பும் உள்ளே எலும்பு, வெளியே நம் நகம் மாதிரி ஓர் உறை. அது கிளை விடாது, வாழ்நாள் முழுவதும் விழாது. வெளிமானின் முறுக்கிய கொம்பும் இதே வகை.

புள்ளிமானின் கொம்பு அப்படி இல்லை. அது முழுக்க முழுக்க எலும்பு. மரக்கிளை மாதிரி பிரியும். ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று முனை இருக்கும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் வரைகூட வளரும். ஆண் மானுக்கு மட்டும்தான் கொம்பு. இவ்வளவு பெரிய கொம்பு வருடத்துக்கு ஒரு முறை தானாகவே கீழே விழுந்துவிடும்! பிறகு புதிதாக முளைக்கும்.

புதுக்கொம்பு முளைக்கும்போது அதன் மேல் வெல்வெட் துணி போல மெல்லிய முடியுள்ள தோல் மூடியிருக்கும். அந்தத் தோலில் இரத்தக் குழாய்கள் ஓடும். அந்த இரத்தம்தான் கொம்புக்குச் சத்துக் கொண்டு வருகிறது. விலங்குகளின் உடம்பிலேயே மிக வேகமாக வளரும் எலும்புகளில் மான் கொம்பும் ஒன்று. அந்தச் சமயத்தில் கொம்பு மிருதுவாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும். அதனால் ஆண் மான் சண்டைக்கே போகாது. கொம்பு முற்றியதும் தோல் காய்ந்து உரியும். மான் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்துவிடும். அதற்குப் பிறகுதான் மற்ற ஆண்களோடு கொம்பு கோத்து முட்டிப் பார்க்கும்.

விழுந்த கொம்பும் காட்டில் வீணாகாது. முள்ளம்பன்றி அதைக் கடித்துத் தின்னும். கால்சியம் கிடைக்குமே!

காஷ்மீரில் ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் தாச்சிகாம் தேசியப் பூங்காவில் ஹங்குல் என்ற மான் இருக்கிறது. ஐரோப்பாவில் உள்ள செம்மானுக்கு அது நெருங்கிய சொந்தம். அந்தக் குளிர் நாட்டு மான்களுக்கு எல்லாம் காலக் கணக்கு உண்டு. இலையுதிர் காலத்தில்தான் ஆண் மான்கள் உறுமும், சண்டை போடும், ஜோடி சேரும். அந்த நாட்களில் ஆண் செம்மான் சரியாகச் சாப்பிடக்கூடச் செய்யாது, இளைத்துப் போய்விடும். குளிர் முடிந்து புல் முளைக்கும் காலத்தில் கன்று பிறந்தால்தான் பிழைக்கும், அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

நம் புள்ளிமானுக்குப் பனியும் இல்லை, அந்தக் கட்டாயமும் இல்லை. வருடம் முழுவதும் கன்று பிறக்கலாம். அதனால் ஆண் மான்களின் கொம்பும் ஒரே நேரத்தில் விழாது. ஒரே கூட்டத்தில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், ஒன்று வெல்வெட் கொம்போடு நிற்கும், இன்னொன்று கொம்பே இல்லாமல் மொட்டைத் தலையோடு நிற்கும். அடுத்த முறை போகும்போது கவனித்துப் பாருங்கள். மொட்டைத் தலையாக நிற்பதெல்லாம் பெண் மான் என்று எண்ணிவிடாதீர்கள்.

கூட்டமாக இருந்தால் பயம் குறைவு

புள்ளிமானின் உடம்பு செம்பழுப்பு நிறம். அதன் மேல் வெள்ளைப் புள்ளிகள். செம்மானுக்குக் கன்றாக இருக்கும்போது மட்டும்தான் புள்ளி தெளிவாக இருக்கும். புள்ளிமானுக்குச் சாகும் வரை இருக்கும். மர நிழலில் இலை இடுக்கு வழியாக வெயில் விழும்போது தரையில் வட்ட வட்டமாகத் தெரியும் இல்லையா? அந்த இடத்தில் புள்ளிமான் அசையாமல் நின்றால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

முதுமலை போன்ற காடுகளில் புள்ளிமானைத் தின்ன புலி, சிறுத்தை, செந்நாய் என்று பல எதிரிகள். அதனால் மானின் உடம்பு முழுக்கவே ஒரு காவல் நிலையம் மாதிரி. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் பார்க்கும். காதுகள் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் தனித்தனியாகத் திரும்பும். மூக்கு காற்றில் வரும் வாசனையைப் பிடித்துவிடும்.

இது போதாதென்று கூட்டமாக வேறு வாழும். நம் ஊர் மீனவர்களுக்குத் தெரியும், மத்தி மீன் ஏன் கூட்டமாகப் போகிறது என்று. தனியாகப் போனால் மாட்டிக்கொள்ளும். கூட்டத்தில் ஒன்று பார்க்காததை இன்னொன்று பார்க்கும். மானும் அப்படித்தான். ஒரு மான் ஆபத்தைக் கண்டால் முன்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கி அடியில் உள்ள வெள்ளையைக் காட்டும், கீச்சென்று குரல் கொடுக்கும். உடனே மொத்தக் கூட்டமும் உஷார்.

மந்திக் குரங்கோடு புள்ளிமானுக்கு நட்பு உண்டு. மரத்தின் மேல் இருக்கும் குரங்குக்குத் தூரத்தில் வரும் புலி தெரியும். அது கத்தினால் கீழே மேயும் மான் ஓடிவிடும். குரங்கு பாதி தின்று கீழே போடும் இலையும் பழமும் மானுக்குச் சாப்பாடு. பூனை மதில் மேல் நடந்தால் நம் தெருக் காக்காய் எல்லாம் கத்தி, கோழிகூட உஷாராகுமே, அதே கதைதான்.

கன்றைத் தனியாகப் பார்த்தால்

(மான் குட்டி என்று எழுதினால் தமிழ் ஐயா சிவப்பு மையால் அடித்துவிடுவார். மான் கன்று என்பதே மரபு.)

பெண் மான் சுமார் ஏழரை மாதம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு கன்று ஈனும். பிறந்த கன்றால் கூட்டத்தோடு ஓட முடியாது. அதனால் தாய் அதைப் புதருக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். கன்று அசையாமல் படுத்திருக்கும். தாய் அவ்வப்போது வந்து பால் கொடுக்கும்.

இதைத் தெரியாதவர்கள், "ஐயோ பாவம், அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு" என்று தூக்கி வந்துவிடுவார்கள். அது காப்பாற்றுவது ஆகாது, தாயையும் பிள்ளையையும் பிரிப்பது. கன்றைப் பார்த்தால் தொடாமல் விலகிப் போக வேண்டும். அடிபட்டிருந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அசை போடுவது எதற்கு?

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. இதற்கு மான் வேண்டாம், நம் தெரு ஆடே போதும். மத்தியானம் நிழலில் படுத்திருக்கும் ஆட்டைப் பாருங்கள். எதையும் தின்னாது, ஆனால் வாய் மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். இதற்குத்தான் அசை போடுவது என்று பெயர். மானும் இப்படியே செய்யும்.

இவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. ரூமன், ரெட்டிகுலம், ஓமேசம், அபோமேசம் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. மேயும் இடம் திறந்த வெளி, எதிரி எப்போது வருவான் என்று தெரியாது. ஆகவே மான் அவசர அவசரமாகப் புல்லை விழுங்கி முதல் அறையான ரூமனில் நிரப்பிக்கொள்ளும். பிறகு பாதுகாப்பான இடத்தில் படுத்து, விழுங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குக் கொண்டு வந்து நன்றாக மெல்லும். ரூமனில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் உண்டு. நம்மால் செரிக்க முடியாத புல்லை அவைதான் செரிக்க உதவுகின்றன. நன்றாக மென்று கரைந்தது மட்டும்தான் சிறிய வாய் வழியாக அடுத்த அறைக்குப் போக முடியும்.

அதாவது "சீக்கிரம் விழுங்கு, அப்புறம் மெல்லு" என்பதுதான் மானின் வழி. புலியிடமிருந்து தப்ப இது ரொம்ப நல்ல வழி. இதே வழிதான் இன்று அதற்கு எமனாகிவிட்டது.

பை உள்ளே போனால் என்ன ஆகும்?

மானுக்கு உப்பு ரொம்பப் பிடிக்கும். காட்டில் உப்பு மண் இருக்கும் இடத்தைத் தேடிப் போய் நக்கும். நாம் சிப்ஸ் தின்றுவிட்டுப் போடும் பாக்கெட்டில் என்ன இருக்கும்? உப்பு. சாம்பார் சாதம் கட்டி வந்த பையில்? உப்பும் சாப்பாட்டு வாசனையும். மான் நக்கும், அப்படியே பையோடு விழுங்கிவிடும்.

பிளாஸ்டிக்கை நுண்ணுயிரிகள் செரிக்காது. சுருண்ட பை அந்தச் சிறிய வாய் வழியாக அடுத்த அறைக்கும் போகாது. ரூமனிலேயே தங்கிவிடும். இன்று ஒரு பை, நாளை ஒரு கயிறு, மறுநாள் இன்னொரு பை. எல்லாம் ஒன்றோடொன்று சுற்றிப் பந்து மாதிரி ஆகிவிடும். வயிறு நிறைந்தே இருப்பதால் மானுக்குப் பசி எடுக்காது. சுற்றிலும் புல் இருக்கும், ஆனாலும் பட்டினியில் மெலிந்து சாகும். கிண்டியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் இறந்த மான்கள் சிலவற்றைப் பரிசோதித்தபோது வயிற்றுக்குள் பிளாஸ்டிக் கட்டியாக இருந்தது என்று செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கிறது.

"மானுக்கு அறிவு இல்லையா, பிளாஸ்டிக் என்று தெரியாதா?" என்று என் தோழி கேட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். மான் இனம் இலட்சக்கணக்கான வருடமாகப் பூமியில் இருக்கிறது. அத்தனை வருடமும் காட்டில் சாப்பாட்டு வாசனை வந்தால் அது சாப்பாடாகத்தான் இருந்தது. பாலித்தீன் பை நம் தாத்தா பாட்டி காலத்தில்தான் வந்தது. புலியைக் கண்டு பயப்பட மானின் உடம்புக்குத் தெரியும். பையைக் கண்டு பயப்பட இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான்.

நகரத்து மானுக்கு வேறு ஆபத்துகளும் உண்டு. மதில் தாண்டி வெளியே வந்தால் வண்டியில் அடிபடும். தெரு நாய்கள் கூட்டமாகத் துரத்தும். நாய் கடிக்காவிட்டாலும், ரொம்ப நேரம் துரத்தினால் பயத்திலும் களைப்பிலுமே மான் இறந்துவிடுவது உண்டு.

உங்களுக்குத் தெரியுமா?

* தமிழ்நாட்டில் வெளிமானுக்கென்றே சரணாலயங்கள் உண்டு. கோடியக்கரை (1967), தூத்துக்குடி மாவட்டம் வல்லநாடு (1987).

* மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நம் ஆட்டுக்கும் கிடையாது.

* அந்தமானில் முன்பு புள்ளிமான் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் கொண்டு போய் விட்டார்கள். அங்கே புலி இல்லாததால் மான் பெருகி, இளஞ்செடிகளைத் தின்று காட்டைக் கெடுக்கிறது. ஆகவே காட்டுக்கு மானும் வேண்டும், புலியும் வேண்டும்.

* சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலை 1855இல் தொடங்கியது. பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. 1985இல்தான் வண்டலூரில் புதிய பூங்கா திறந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

1. கிண்டிக்கோ வண்டலூருக்கோ சுற்றுலா போனால் மானுக்குத் தின்பண்டம் கொடுக்கக்கூடாது. "ஆசையாகக் கொடுக்கிறோம், அது அன்புதானே?" என்று கேட்கலாம். கை நீட்டுகிறவர்களை நம்பப் பழகிய மான் பையை நம்பும், சாலைக்கு வரும், நாயையும் பக்கத்தில் விடும். தூரத்தில் நின்று பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்யும் நன்மை.

2. சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போவோம். கட்டாயம் பாக்கெட் இருந்தால் அதை மடித்து நம் பையிலேயே வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவோம். குப்பைத் தொட்டி நிரம்பியிருந்தால் அதில் போடுவதும் வீண். காற்று அடித்தால் வெளியே வந்துவிடும்.

3. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பை, கப், தட்டு, உறிஞ்சு குழல் முதலிய 14 வகைப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. சட்டம் போட்டால் மட்டும் போதாது. கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துப் போவது நம் வேலை.

4. கடைசியாக ஒன்று. கிண்டி மானுக்கு இருக்கும் அதே நான்கு அறை வயிறுதான் நம் தெரு ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கிறது. சோற்றுப் பருக்கை ஒட்டிய பையை முடிச்சுப் போட்டு எறிந்தால் மாடு முடிச்சை அவிழ்க்காது, அப்படியே விழுங்கும். நாம் டீ போட வாங்கும் பால் அந்த மாட்டிடமிருந்துதான் வருகிறது. காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் பையில் கட்டாமல் தனியாக வைப்போம். இதைச் செய்யக் கிண்டி வரைக்கும் போக வேண்டியதே இல்லை. இன்று சாயங்காலம் நம் வீட்டு வாசலிலேயே ஆரம்பிக்கலாம்.

கேள்வி நேரம்

(விடைகள் மேலே கட்டுரையிலேயே இருக்கின்றன. சரியாக எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுப்பவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும்.)

1. கிண்டியில் உள்ள இரண்டு வகைகளில் எதற்குக் கொம்பு விழுந்து முளைக்கும்?
2. பெயரில் ஆடு, உண்மையில் மான். அது எது?
3. ரூமனில் பை தங்கிவிட்டால் மானுக்கு ஏன் பசி எடுப்பதில்லை?
4. ஒரே கூட்டத்தில் புள்ளிமான்களின் கொம்புகள் வெவ்வேறு நிலையில் இருப்பது ஏன்?
5. உங்கள் வீட்டில் இன்று எத்தனை பாலித்தீன் பை வெளியே போனது? (இதற்கு மட்டும் கட்டுரையில் விடை இல்லை. நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.)

எழுத்துப் பிழை இருந்தால் பென்சிலால் வட்டம் போடுங்கள், பேனாவால் வேண்டாம்.

இப்படிக்கு,
9ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி